போரானும் ஒரு பிடி கற்பூரமும்

கோபத்தில் எதைச் செய்தாலும் ஒரு படி ஜாஸ்தியாகத்தான் செய்துவிடுகிறோம். சந்தேகமிருந்தால், என்னைப் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையின் அப்பாவைக் கேளுங்கள். (மீசை இந்நேரம் வளர்ந்திருக்கும்.)

இரண்டாயிரம் பிறந்து சில வருஷம் ஆகியிருந்தது. சென்னையில் முனைவர் பட்டத்துக்காக போரான் என்ற தனிமத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். ராக்கெட் எரிபொருளில் சேர்த்தால் அபாரமான வெப்பம் தரும். ஆனால் சனியன், லேசில் பற்றாது. சூடானதும் அதன் மேலேயே ஓர் ஆக்சைடு படலம் உருகிப் போர்த்திக்கொண்டு காற்றை அண்டவிடாது. சீக்கிரம் பற்றும் உலோகத்தை நானோ துகளாகக் கலந்தால், அது முதலில் எரிந்து போரானையும் கிளப்பிவிடும். எவ்வளவு கலக்கலாம் என்பதுதான் என் ஆராய்ச்சியே.

கார்த்திகை தீபத்தன்று, மலையடிவாரத்து வேங்கிக்காலில் எங்கள் வீட்டு மொட்டைமாடிக்கு மாப்பிள்ளை வீட்டார் வந்திருந்தார்கள். மலையில் தீபம் தெரிந்ததும் வீட்டு விளக்கை ஏற்ற வேண்டும். எல்லோரும் மலையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"படிப்பு இன்னும் எத்தினி வருஷம்மா?" என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

நான் வாயைத் திறப்பதற்குள் என் அப்பா முந்திக்கொண்டார். "அதெல்லாம் நிறுத்திடுவா சம்பந்தி."

(அதற்குள் சம்பந்தியாம்!) என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மலையில் தீபம் தெரிந்தது. "அரோகரா!" என்று ஊரே கத்தியது. "பொண்ணு கையால ஏத்தட்டும்" என்றார்கள். தூறலில் அகல் திரி நனைந்திருந்தது. குச்சி குச்சியாகக் கிழித்தேன். ம்ஹூம்.

"ஒரு விளக்க பத்த வைக்க முடியல, இதுல ராக்கெட்டாம்!" என்று அவர் சிரித்தார். என் அப்பாவும் கூடச் சேர்ந்து சிரித்தார். அதைத்தான் தாங்க முடியவில்லை.

நனைந்த திரி நுனியில் ஒரு சிட்டிகை கற்பூரம் வைத்தால் பற்றிக்கொள்ளும். என் நானோ துகள் பார்ப்பதும் அதே வேலைதான்.

"கிட்ட வாங்க, என் ஆராய்ச்சி என்னன்னு காட்டுறேன்" என்றேன். அவர் குனிந்தார். கற்பூர டப்பாவிலிருந்து எடுக்க நினைத்தது ஒரு சிட்டிகை. கோபத்தில் கைக்கு வந்ததோ ஒரு பிடி. அப்படியே திரியில் வைத்துக் குச்சியைக் கிழித்தேன்.

குபீர்!

இடது பக்க மீசை காலி. "இது பொண்ணா, பட்டாசுக் கடையா? கிளம்புங்க எல்லாரும்!" என்று அவர் கத்திய கத்தலில், அம்மா பிடித்து வைத்த பொரி உருண்டையை யாரும் தொடவில்லை. விடிந்ததும் நான் சென்னை பஸ் ஏறினேன். படிப்பை முடித்தேன்.

இன்றும் தீபத்துக்குத் தீபம் அப்பா இந்தக் கதையைச் சொல்கிறார். "கற்பூர டப்பாவ டாக்டரம்மா கையில குடுத்துடாதீங்க!" என்று முடிப்பார். வீடே சிரிக்கும். 'நிறுத்திடுவா' என்று தான் சொன்னதை மட்டும் அவர் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. வருஷா வருஷம் அதை நான்தான் சேர்க்கிறேன். அப்போது ஒருத்தரும் சிரிப்பதில்லை.