கல் நத்தையும் நாலு மூலையும்

மூன்று வயதுப் பையன் இருக்கும் வீட்டில் ஒரு பெண் வெண்மை நிறத் துணியில் கலைப்படைப்பு செய்ய உட்கார்ந்தால், ஒன்று அவளுக்கு அளவுகடந்த தைரியம் இருக்க வேண்டும், இல்லையென்றால் யோசனையே இருக்கக் கூடாது. எனக்குத் தைரியம் கிடையாது. (கேஸை அணைத்தோமா என்ற சந்தேகத்தில் பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்கு வந்து பார்த்தவள் நான். அணைத்துத்தான் இருந்தது. திரும்ப பஸ் நிறுத்தத்துக்குப் போனதும் கதவைப் பூட்டினோமா என்று சந்தேகம் வந்தது.)

பிறந்தது அரியலூர், வாக்கப்பட்டது பெரம்பலூர். கவின் பிறக்கும் வரை ஒரு தனியார் பள்ளியில் அறிவியல் டீச்சராக இருந்தேன். அவன் பிறந்த பிறகு வீட்டோடு இருந்தபோது, மத்தியானம் அவன் தூங்கும் நேரத்தில் போனில் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டதுதான் கில்ட். துணித் துண்டுகளை வெட்டி, ஓவியம் மாதிரி ஒன்றோடொன்று சேர்த்து, அடியில் பஞ்சு வைத்து மேலே தையல் ஓட்டுவது. முடித்ததும் சுவரில் மாட்ட வேண்டும். இதை மாமியாருக்கு விளக்குவதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது.

"போத்திக்க மாட்டாங்களா?"

"இல்லைங்கத்தை. செவுத்துல மாட்டுவாங்க."

"செவுத்துக்கு எதுக்குடி போர்வ? அதுக்கென்ன குளுருதா?"

அந்தச் சமயத்தில் திருச்சியில் ஒரு கலை அமைப்பு துணி ஓவியங்களுக்கென்று கண்காட்சி நடத்தப்போவதாக அறிவிப்பு வந்தது. அதே வாரம், ஜூனில் வேலைக்கு வர முடியுமா என்று பழைய பள்ளியிலிருந்தும் கேட்டார்கள். உரக்கடையிலிருந்து சாப்பிட வந்த கணவரிடம் நான் ஒரு ஒப்பந்தம் போட்டேன்.

"கண்காட்சில எடுத்துட்டாங்கன்னா ஒரு வருஷம் தச்சுப் பாக்குறேங்க. எடுக்கலன்னா ஜூன்ல ஸ்கூலுக்குப் போயிடுறேன்."

"சரி" என்றார் அவர், ரசத்தை ஊற்றிக்கொண்டே. அவ்வளவு சீக்கிரம் சரி என்றதுதான் என்னை வாட்டியது. எடுப்பார்கள் என்ற நம்பிக்கையில் சொன்ன சரியா, எடுக்க மாட்டார்கள் என்ற நம்பிக்கையில் சொன்ன சரியா? இரண்டு நாள் யோசித்தும் பிடிபடவில்லை.

படைப்புக்கு விஷயம் தேட நான் அலையவில்லை. சின்ன வயதில் எங்கள் ஊர் சுண்ணாம்புக்கல் சுரங்கத்துப் பக்கம் மழை பெய்து ஓய்ந்தால், நத்தை மாதிரி சுருண்ட கற்கள் மண்ணுக்கு மேலே தெரியும். ஒரு காலத்தில் அங்கே கடல் இருந்ததற்கு அத்தாட்சி. அதைத்தான் செய்தேன். சந்தன வெண்மையில் பின்னணி, நடுவில் பெரிய சுருள். அம்மாவின் பழைய காவி, ஆரஞ்சுப் புடவைகளை வெட்டி, ஒவ்வொரு வளைவிலும் வரிவரியாகத் தைத்தேன். அந்தச் சுருளுக்குள் காலத்தின் ஆழமே இருப்பதாக எனக்குத் தோன்றியது. கணவர் பார்த்துவிட்டு, "நல்லா சுத்தியிருக்க" என்றார். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

என் கவலையெல்லாம் கவினைப் பற்றித்தான். அவன் கைபட்ட இடத்தில் சாம்பார் இருக்கும்; சாம்பார் இல்லாத நாளில் என்னவென்று கண்டுபிடிக்க முடியாத வேறு ஏதாவது இருக்கும். அதனால் ஹாலில் பிஸ்கட்டுக்குத் தடை. சாப்பாடு கொல்லைப்புறத்துக் குழாயடியில். கில்ட் இருப்பது பீரோவின் உச்சியில். பெற்ற பிள்ளையைத் தொற்றுநோய் கண்டவன் மாதிரி நடத்துகிறோமே என்று குற்ற உணர்ச்சி வரும். உடனே ஓடிப்போய் அவனைக் கொஞ்சிவிட்டு, வந்து கையைக் கழுவிக்கொள்வேன்.

ஒரு பொட்டு அழுக்கில்லாமல் முடித்தேன். கூரியரில் அனுப்பும் நாளன்று மடித்துக் கட்டிலில் வைத்த நேரம், பாத்ரூமிலிருந்து கவின் "அம்மா, முடிச்சிட்டேன்" என்று குரல் கொடுத்தான். கழுவிவிட்டு வந்து பார்த்தால், மாமியார் கில்ட்டைத் துவைத்த வேட்டியில் சுற்றி, அதன்மேல் பிளாஸ்டிக் உறை போட்டு, சணல் கட்டி முடித்திருந்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. (எல்லாவற்றுக்கும் சந்தேகப்படுகிறவளுக்கு, சந்தேகப்பட வேண்டிய அந்த ஒரே இடத்தில் நெகிழ்ச்சி வந்து தொலைத்தது.)

சில வாரங்கள் கழித்து வாட்ஸாப்பில் பதில் வந்தது. 'தங்கள் படைப்பு தேர்வு பெறவில்லை. நேரில் வந்து பெற்றுக்கொள்ளவும்.' வெங்காயம் அரிந்துகொண்டிருந்தேன், அதனால் அழுதது யாருக்கும் தெரியவில்லை. வேறு யாருக்கோ போக வேண்டிய செய்தியாக இருக்குமோ என்று மேலே பெயரைப் பார்த்தேன். என் பெயர்தான், இனிஷியலோடு.

கவினைத் தூக்கிக்கொண்டு தனியாகப் போகிறேன் என்றதற்கு மாமியார் ஒப்பவில்லை. "எடுக்கலன்னா ஏன் எடுக்கலன்னு ஒரு வார்த்த கேக்க வேணாமா? நீ கேக்க மாட்ட. நான் வரேன்" என்று புடவை மாற்றிக்கொண்டு வந்துவிட்டார். மூவரும் திருச்சி பஸ் ஏறினோம்.

கண்காட்சி அலுவலகத்தில் கண்ணாடி போட்ட ஒரு அம்மா இருந்தார். தேர்வுக் குழுவில் ஒருவர். "சரிபார்த்து எடுத்துக்கங்கம்மா" என்று மேசைமேல் கில்ட்டை விரித்தார்.



சந்தன வெண்மைப் பின்னணியின் நான்கு மூலைகளிலும் கட்டைவிரல் அகலத்துக்கு மஞ்சள் கறை. ஒவ்வொரு மஞ்சளின் நடுவிலும் சிவப்பாக வேறு ஏதோ. நான் மெதுவாகக் கவின் பக்கம் திரும்பினேன்.

"நான் இல்ல" என்றான், ஒன்றும் கேட்பதற்கு முன்பே. அனுபவசாலி.

"அவனை ஏன் மொறைக்கிற? நான்தான் வச்சேன்" என்றார் மாமியார், வெகு இயல்பாக. "புதுத்துணிய மஞ்ச குங்குமம் வைக்காம யாராச்சும் வெளிய அனுப்புவாங்களா?"

உங்களுக்கு ஒரு உண்மை சொல்ல வேண்டும். அதிர்ச்சி அடங்கியதும் எனக்குப் பெரிய நிம்மதி வந்தது. என் வேலையில் குற்றமில்லை, மஞ்சளால் போய்விட்டது, அவ்வளவுதான். ஒப்பந்தம்கூட செல்லாது. அந்த அம்மாவிடம் கிட்டத்தட்ட சந்தோஷமாகவே கேட்டேன்.

"இந்தக் கறையாலதானே மேடம் எடுக்கல?"

"கறையா?" அவர் கண்ணாடியைக் கழற்றினார். "நாங்க அதப்பத்தி ரொம்ப நேரம் பேசினோம்மா. சுத்தமான தளத்துல, ஓரத்துல போயி, யோசிக்காம அழுத்தி வச்ச மாதிரி அந்த நாலு புள்ளி. குழுவுல எல்லாருக்கும் அது ரொம்பப் புடிச்சிருந்துது."

"அப்புறம் ஏன்..."

அவர் தயங்கினார். நல்ல மனுஷி. தயங்கித்தான் சொன்னார். "நடுவுல இருக்குறதுதான்மா. ஜாங்கிரி எதுக்குன்னு யாருக்கும் புரியல."

நான் குனிந்து பார்த்தேன். ஆரஞ்சு நிறம், சுருள் சுருளாக, வரிவரியாக. மாதக்கணக்கில் கண்ணில் படாத ஜாங்கிரி அந்த ஒரு நொடியில் தட்டில் வைத்த மாதிரி தெரிந்தது. கடலும் காலமும் எங்கே போயினவோ. துணைக்காக மாமியார் பக்கம் திரும்பினேன்.

"ஜாங்கிரியா?" என்றார் அவர் ஆச்சரியமாக. "நான் கை முறுக்குன்னுல்ல நெனச்சேன். கேட்டா புள்ள மனசு கஷ்டப்படுமேன்னு கேக்கல."

அந்த அம்மா அதற்குள் என்னை விட்டுவிட்டு அவரிடம் போய்விட்டார். "அந்தப் புள்ளிகள் நீங்க வச்சதாம்மா? இதுமாதிரி வேற ஏதாச்சும் செஞ்சிருக்கீங்களா?"

"தீவாளிக்குத் தீவாளி வூட்டுல எல்லாருக்கும் வப்பேன். இவ வீட்டுக்காரன் சட்டைலகூட இருக்கும், காலருக்கு உள்பக்கம்."

அந்த அம்மா அதைக் குறித்துக்கொண்டார். நானே பார்த்தேன்.

திரும்பும் பஸ்ஸில் நான் ஜன்னல் பக்கமே முகத்தை வைத்திருந்தேன். கவின் என் மடியில் தூங்கிவிட்டான். பாடாலூர் தாண்டியதும் மாமியார் அவன் கால்களை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, "ஸ்கூலுக்குப் போறேன்னு சொன்னா போ. அதுக்காகத் தைக்கிறத ஏன் நிறுத்தணும்? ஞாயித்துக்கெழம புள்ளய நான் பாத்துக்கறேன்" என்றார். கொஞ்சம் யோசித்து, "நடுவுல மட்டும் வேற ஏதாச்சும் போடு" என்றார்.

ஜூனில் பள்ளிக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமைகளில் தைக்கிறேன். எங்கள் குடும்பத்தில் இப்போது யாருக்கு எது தட்டிப்போனாலும், நாத்தனாருக்கு வந்த வரனாக இருந்தாலும் சரி, கணவர் கேட்ட பேங்க் லோனாக இருந்தாலும் சரி, உடனே யாராவது ஒருவர், "நாலு மூலையும் எப்படி இருந்துச்சாம்?" என்று கேட்பார்கள்.

இந்த வருஷம் மாமியார் கண்ணில் காட்டாமல், நானே கட்டி, நானே கூரியர் ஆபீஸுக்குக் கொண்டுபோய் ஒரு கில்ட் அனுப்பினேன். அதுவும் திரும்பி வந்துவிட்டது. மாமியார் பிரித்து, நான்கு மூலைகளையும் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். ஒன்றும் இல்லை.

"பின்ன எதப் பாத்துடி எடுப்பாங்க?" என்றார், நிஜமான வருத்தத்தோடு.