பீலிக்குக் காவல்

"ஏ புள்ள கருப்பாயி, காலயிலருந்து இது நாலாவது தடவ! வயித்துக்குள்ள கெணறா வெட்டி வச்சிருக்க?"

மலையூற்று மூங்கில் வழியாகக் கொட்டும் பீலியடியில் கருப்பாயி கூடையோடு நின்றாள். "பங்குனி வெயிலுங்க கங்காணி. நாக்கு ஒட்டிக்கிருது."

ஏழுமலைக் கங்காணி அவளைக் கொழுந்து பறிக்க விரட்டினார். இலங்கையில் பலாங்கொடைக்கு மேலே இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்தில் அவருடைய ஆட்கள்தான் கொழுந்து நிறுவையில் எப்போதும் முதல். இப்போது அடுத்த மலைக்காரர்கள் நெருங்கிக்கொண்டிருந்தார்கள். பிந்தினால் கங்காணி வேலையைப் பறித்துக் கையில் மண்வெட்டியைக் கொடுத்துவிடுவதாகத் துரை சொல்லியிருந்தார்.

"நாளையிலருந்து ஒருத்தியும் பீலிப் பக்கம் போகக்கூடாது!"

மிச்சமாகும் நேரத்தில் கொழுந்து குவியும் என்று நினைத்தார். மறுநாள் ஆளுக்கு மூன்று றாத்தல் குறைந்தது.

"திருட்டுத்தனமாப் போய்க் குடிச்சிருக்காளுக," என்று பல்லைக் கடித்த ஏழுமலை, அடுத்த நாள் தானே பீலியடியில் காவலுக்கு உட்கார்ந்தார். நியாயமான மனுஷன், பெண்களுக்கு இல்லாத தண்ணீர் தனக்கும் வேண்டாமென்று அவரும் குடிக்கவில்லை. காதருகே தண்ணீர் சலசலத்தது. வாயில் எச்சில்கூட ஊறவில்லை. நிறுவையோ இன்னும் ஒரு றாத்தல் இறங்கியது.

மூன்றாம் நாள் மத்தியானம் தலை கிறுகிறுத்து, காலைச் சுண்டி இழுக்க, மனுஷன் பொத்தென்று விழுந்தார்.

கண் திறந்தபோது கொழுந்துக்காரி அழகம்மா அவர் தலையைத் தாங்கி, தேங்காய்ச் சிரட்டையால் வாயில் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். மடக்கு மடக்காக இறங்க இறங்க உயிர் திரும்பி வந்தது. அடப்பாவி, இதையா மூன்று நாளாக மறித்தேன்? இவர்களில் ஒருத்தி பிள்ளைத்தாச்சியாயிற்றே! வெட்கத்தில் அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"குடிங்கம்மா. எத்தன தடவ வேணுமின்னாலும் போய்க் குடிங்க."

மறுநாள் நிறுவை எகிறியது. மறுபடியும் முதலிடம்! ஏழுமலைக்குத் தலைகால் புரியவில்லை.

"பாத்தியா அழகம்மா! தாகம் தீந்தா கை தானா ஓடுது. இதத் தொரைகிட்டச் சொல்லி, எல்லா மலைக்கும் பீலி போடச் சொல்லப் போறேன்!"

தலைப்பாகையை இறுக்கிக் கட்டிக்கொண்டு பங்களாப் பாதையில் நடந்தார். அழகம்மா ஓடிவந்து வழிமறித்தாள்.

"ஐயையோ, கெடுத்துறாதீங்க கங்காணி! நாங்க குடிக்கிற தண்ணி செடிக்கடியில சுரக்குடுக்கையில இருக்கு. பீலித் தண்ணியக் குடிச்சுக் குடிச்சுக் கனத்ததெல்லாம் கூடையில இருந்த கொழுந்துதான்!"