குதிரைமசால் கட்டுக்குள் ஒரு வழிகாட்டி

வாய்ச்சவடால் அடிப்பவன் அதற்கு முன்னால் தன் முழங்காலை ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ள வேண்டும். நான் கேட்கவில்லை.

"பள்ளத்தாக்குப் பாதையில எனக்கு முன்னாடி ஒரு பொம்பளை ஏறி வந்துட்டா, அன்னையிலேருந்து இந்த வீட்டுல சூப்பு காய்ச்சறவன் நான்தான்!" என்று முழங்கினேன்.

என் மனைவி நிக்கோலாசா பார்லி புடைத்துக்கொண்டிருந்தாள். முறம் நிற்கவில்லை.

"எத்தனை நாளைக்கு?"

"என்ன எத்தனை நாளைக்கு?"

"சூப்பு."

விஷயம் இதுதான். எங்கள் ஊர் காபனாகோண்டே, கோல்காப் பள்ளத்தாக்கின் உதட்டில் உட்கார்ந்திருக்கிறது. இருபத்திரண்டு வருஷமாக நான் வழிகாட்டி. கண்ட கண்ட தேசத்திலிருந்தும் நடக்க ஆசைப்பட்டு வருகிறார்கள். முன்னால் நான் போவேன், பின்னால் அவர்கள் வருவார்கள். இந்த வருஷம் ஊர்ச் சபை புது உத்தரவு போட்டது: வீட்டுக்கு ஒரு வழிகாட்டி அட்டைதான். அதைத் தன் பெயரில் வாங்க வேண்டும் என்றாள் நிக்கோலாசா!

வாரா வாரம் அவள் ஆற்றங்கரைத் தோட்டத்துக்கு இறங்கி, பழக்கூடையைச் சுமந்துகொண்டு ஏறி வருகிறவள்தான். ஆனால் அது வேலை. நான் நடப்பது நடை. இரண்டும் ஒன்றாகுமா?

"சரி, பந்தயம் வெச்சுக்குவோம்" என்றாள். "ஞாயித்துக்கிழமை காலையில ரெண்டு பேரும் ஆத்தங்கரையிலேருந்து கிளம்புவோம். யாரு முதல்ல சதுக்கத்துக்கு வர்றாங்களோ, அவங்களுக்கு அட்டை."

"உனக்கு அரை மணி நேரம் சலுகை. நீ முன்னாடி கிளம்பு."

"அடேங்கப்பா, பெரிய மனசு!"

பெரிய மனசெல்லாம் இல்லை. பெரிய திட்டம். இறங்குவதில் எனக்குக் குறையே இல்லை. ஏறுவதில்தான் போன வருஷத்திலிருந்து முழங்கால் இரண்டும் என்னோடு பேச்சுவார்த்தையை நிறுத்திவிட்டன. பள்ளத்தாக்கு என்று சும்மாவா சொன்னார்கள்? பள்ளம் என்னைத் தாக்கிவிட்டது.

என் மகளுக்கு ஞானத்தகப்பன் மெலித்தோன். அவரிடம் ஒரு கோவேறு கழுதை உண்டு. 'கோ' என்றால் அரசன். அரசன் ஏறுகிற கழுதையில் நான் ஏறினால் என்ன தப்பு என்று மனசைச் சமாதானம் செய்துகொண்டேன். இரண்டு பக்கமும் குதிரைமசால் புல்லுக்கட்டு, நடுவில் நான் குப்புற, என் மேல் இன்னொரு கட்டு. அவளைத் தாண்டிப் போய், கடைசித் திருப்பத்துச் சோளக்காட்டில் இறங்கி, முகத்தில் தண்ணீரைத் தெளித்துக்கொண்டு, மூச்சு வாங்கச் சதுக்கத்துக்குள் நுழைந்துவிட வேண்டியது.

ஞாயிறு காலை அப்படியே கிளம்பினோம். பாதி மலை ஏறியதும் அவள் குரல் கேட்டது.

"மெலித்தோன் அண்ணே! நல்லவேளை, பேச்சுத்துணைக்கு வந்தீங்க. கூடவே வர்றேன்."

"நான்... கொஞ்சம் வேகமாப் போகணும், தங்கச்சி."

"நானும் வேகமாத்தான் போறேன்."

போனாள். கழுதைக்குச் சரியாக நடந்தாள். மேல்மூச்சு இல்லை, கீழ்மூச்சு இல்லை. புல்தூசி என் மூக்கில் ஏறியது. அடக்கிப் பார்த்தேன். தும்மிவிட்டேன்.

"யாரு தும்மினது?"

"கழுதைதான்" என்றார் மெலித்தோன்.

"பின்பக்கத்துலேருந்துல்ல சத்தம் வந்துச்சு? உங்க கழுதைக்கு ரெண்டு பக்கமும் மூக்கா அண்ணே?"

மெலித்தோன் கழுதையை அதட்டி ஓட்டினார். நான் மூச்சே விடவில்லை.

பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்: "உங்ககிட்ட மட்டும் சொல்றேன் அண்ணே. அட்டை மேல எனக்கு ஆசையில்ல. போன மாசம் அவரு மூணாவது திருப்பத்துல சறுக்கி விழுந்தாரு. கூட வந்த ஒரு வெளிநாட்டுக் கிழவிதான் கைகொடுத்துத் தூக்கிவிட்டு, அவரு பையையும் சேர்த்துச் சுமந்துட்டு வந்துச்சு. யாருக்கும் தெரியாதுன்னு நெனச்சுட்டிருக்காரு. நான் மேலேருந்து பார்த்துட்டேன். நாளைக்கு ஆத்துல விழுந்தா நான் யாருகிட்டப் போய் அழுவேன்? போகாதீங்கன்னா கேக்கற ஆளா? இந்தப் பாதையில கல்லு கல்லா எனக்குச் சொல்லிக்குடுத்ததே அவருதானே. இதை அவருகிட்டச் சொல்லிடாதீங்க, கூசிப்போயிடுவாரு."

கண்ணில் தண்ணீர் வந்தது. புல்தூசிதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அந்த நிமிஷமே எழுந்து, "நிக்கோலாசா, நான் இங்கேதான் இருக்கேன்" என்று சொல்லியிருக்க வேண்டும். மனுஷனாக இருந்தால் சொல்லியிருப்பான். நான் புல்லாகவே இருந்துவிட்டேன். இன்றைக்கும் என்னை உறுத்துவது அதுதான். மற்றதெல்லாம் வெறும் அவமானம்.

அந்த வெறும் அவமானத்தையும் சொல்லிவிடுகிறேன். சோளக்காடு வந்தது, போனது. அவள் பக்கத்திலேயே நடக்கும்போது நான் எப்படி இறங்குவது? சதுக்கம் வந்தது. சபைத் தலைவர், தேவாலயத்துக் கூட்டம், பித்தளை வாத்தியக்காரர்கள், எல்லாரும் நின்றார்கள்.

"அண்ணே, இந்தப் புல்லை இங்கேயே இறக்கிடுங்க. என் கினிப்பன்றிங்களுக்கு வேணும்" என்றாள் நிக்கோலாசா.

"வீட்டுலயே கொண்டாந்து போட்டுடறேனே, தங்கச்சி..."

"எதுக்கு உங்களுக்குச் சிரமம்?" அவளே கயிற்றை உருவினாள்.

முதலில் புல் விழுந்தது. அதன் மேல் நான் விழுந்தேன். தலையில் புல், வாயில் புல். வாத்தியக்காரன் ஒருவன், என்ன நினைத்தானோ, கொம்பை எடுத்து ஒரு ஊது ஊதினான். அதுவரை அடக்கிக்கொண்டிருந்த சதுக்கம் வெடித்தது.

சபைத் தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "முதல்ல வந்தது யாரும்மா?"

"கழுதை" என்றாள் நிக்கோலாசா. "அடுத்தது நான்."

வழிகாட்டியாக இறங்கினவன், அசடு வழிய வீடு வந்து சேர்ந்தேன்.

சாயங்காலம் அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தாள். சூப்பைக் காய்ச்சி அவள் முன்னால் வைத்தேன். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டேன்: "உள்ளே நான் இருக்கேன்னு... தும்மினப்பத்தான் தெரிஞ்சுதா?"

அவள் சூப்பை ஊதி ஒரு வாய் குடித்தாள். உப்பு போதவில்லை போலிருக்கிறது, முகம் சுளித்தாள்.

"மெலித்தோன் அண்ணன் வெள்ளிக்கிழமையே வந்து உங்க எடையைக் கேட்டுட்டுப் போனாரு. நான்தான் இருபது கிலோ குறைச்சுச் சொன்னேன். இல்லேன்னா கழுதையைத் தந்திருக்கவே மாட்டாரு."