வறட்சி வாத்தியாரின் மழைமானி

"என் வீட்டுச் சமையலறையில செருப்பு மிதக்குது சார். நேத்து மழையே பெய்யலைன்னு எப்படிச் சொல்றீங்க?"

ஆராய்ச்சி மாணவி முழங்கால் வரை சேறாக நின்றாள். நீரியல் பேராசிரியர் தன் கணினியை அவள் பக்கம் திருப்பிக் காட்டினார். கல்லூரி மொட்டைமாடியில் இருக்கும் மழைமானி அனுப்பிய கணக்கு: பூஜ்யம்.

"செருப்பு மிதக்கறதெல்லாம் ஆதாரம் இல்லம்மா. கருவி பொய் சொல்லாது."

இந்த வட்டாரத்தில் மழை வற்றிக்கொண்டே போகிறது என்று வருடக்கணக்காக எழுதிப் பெயர் வாங்கியவர் அவர். மாணவர்கள் வைத்த பெயர் வறட்சி வாத்தியார். அவள் தெருவை ஒட்டிய பள்ளத்தில் வெள்ளம் வராது, தாராளமாக வீடு கட்டலாம் என்றது அவருடைய புது அறிக்கை. அதில் அவளும் கையெழுத்துப் போட வேண்டும்.

"போட மாட்டேன் சார்."

"அப்ப உன் பட்டம்?"

"அதுவும் செருப்போட சேர்ந்து மிதக்கட்டும்."

அடுத்த மழைக்கு முன்பே மழைமானி பக்கத்தில் ஒரு பால் பாத்திரத்தை வைத்தாள். காலையில் போய்ப் பார்த்தால் பாத்திரம் நிரம்பி வழிந்தது. மழைமானியில் பூஜ்யம்.

"யாராவது கழுவறதுக்குத் தண்ணி ஊத்தி வெச்சிருப்பாங்க," என்றார் வாத்தியார்.

விடுவாளா? சொந்தமாகப் புது மழைமானி ஒன்று வாங்கிப் பழையதன் பக்கத்திலேயே பொருத்தினாள். மறுபடி கொட்டித் தீர்த்தது. இரண்டிலும் பூஜ்யம். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாகிவிட்டது.

"இப்ப எனக்கு ரெண்டு சாட்சி," என்று வாத்தியார் பேனாவை நீட்டினார்.

வெளியே இடி இடித்தது. அவள் பேனாவைத் தொடவில்லை.

"மாடிக்கு வாங்க சார். நீங்க நனையலைன்னா அங்கேயே கையெழுத்துப் போடறேன்."

வீம்புக்கு அவரும் ஏறினார். முதல் துளி அவர் வழுக்கையில்தான் விழுந்தது. அதே நேரம் கட்டடக் காவலாளி இரண்டு பிளாஸ்டிக் வாளிகளோடு மூச்சிரைக்க ஓடிவந்து, மழைமானிக்கு ஒன்றாகப் பத்திரமாகக் கவிழ்த்தார்.

"என்னப்பா பண்றே?" என்றார் வாத்தியார்.

"எப்பவும் பண்றதுதான் சார். வானம் இருட்டினா மூடுவேன், மழை விட்டதும் எடுத்துடுவேன். விலை கூடின கருவி, கண்ணு மாதிரி பாத்துக்கோன்னு நீங்கதானே சொன்னீங்க? இத்தனை வருஷத்துல ஒரு சொட்டு மழை படவிட்டதில்ல சார்."