சிவப்புப் பகுதியில் ஒரு பவளம்

பவளம் எங்கே வாழலாம் என்பதை இயற்கை முடிவு செய்வதாகப் பல அப்பாவிகள் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அதை முடிவு செய்வது எங்கள் பவளப் பாதுகாப்பு அலுவலகம். அடியேன் அங்கே தலைமை எழுத்தர்.

விதி தெளிவானது. வெதுவெதுப்பான, ஆழமில்லாத உப்புநீர் வேண்டும். அடிவரை வெயில் இறங்க வேண்டும். ஒட்டிக்கொள்ளக் கெட்டியான தரை வேண்டும். இத்தனையும் பொருந்திய இடத்துக்கு வரைபடத்தில் பச்சை அடித்தோம். பொதுமக்கள் பவளத்தைக் கண்டு களிக்க அங்கேயே 'பார்வை மேடை' கட்டினோம். தூண் ஊன்றத் தோண்டியதில் கிளம்பிய சேறு, படகுகள் வந்து வந்து கலக்கியதில் அடங்கவே இல்லை. பவளம் மொத்தமும் செத்தது. மேடை அமோகமாக இருக்கிறது.

போன வருஷம் ஒரு நாள், எங்கள் அலுவலகத்துக்காகக் கடலில் முக்குளிக்கும் என் தங்கை ஈரத் தலையோடு ஓடி வந்தாள்.

"அண்ணா! மூழ்கிப்போச்சே நம்ம ஆபீஸ் படகு, அது மேல பவளம் முளைச்சிருக்கு! தண்ணி அவ்ளோ தெளிவு!"

நான் அவசரமாக வரைபடத்தை விரித்தேன். அடியில் வெறும் மணல் என்பதால் அந்த இடம் அதில் சிவப்பு: 'பவளம் வாழத் தகுதியற்றது'. அதற்குள் இயக்குநர் காதில் விழுந்துவிட்டது.

"அனுமதி இல்லாத இடத்துல எப்படிம்மா வளருது?"

"அதுபாட்டுக்கு வளருது சார்."

"உடைச்சு எடுத்துப் பச்சைப் பகுதியில நட்டுடுங்க. நாளைக்கே!"

"ஐயையோ, அங்க சேறு சார். செத்துடும்."

"அது பவளத்தோட சொந்தப் பிரச்சனை."

தங்கைக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும் மனசு கேட்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"சார், அங்க பவளம் இருக்குன்னு எழுதினா, வரைபடம் தப்புன்னு ஆயிடும். வரைபடத்துல உங்க கையெழுத்து இருக்கு."

இயக்குநர் மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார்.

"அப்போ அது என்னவா இருக்கும்?"

"பாசி சார்."

"பாசியேதான்! நான் அப்பவே சொன்னேன்ல?"

'பாசி' என்று அறிக்கை எழுதிக் கையெழுத்தும் ஆனது. உடைக்கிற பேச்சு அதோடு ஒழிந்தது. அந்தப் பாசி இந்த ஒரு வருஷத்தில் நாலு விரற்கடை வளர்ந்து, மீன்கள் குடித்தனம் வந்துவிட்டனவாம். தங்கைக்குத் தலைகால் புரியவில்லை.

ஆகவே விதியில் ஒரு வரியை நானே சேர்த்திருக்கிறேன்: வெயில், உப்பு, தெளிந்த நீர், கெட்டியான தரை எல்லாம் இருந்தாலும் போதாது, அந்த இடம் எங்கள் பாதுகாப்பில் இருக்கவே கூடாது.