சிரிக்கும் படமும் முறைக்கும் படமும்

பிப்ரவரி ஒன்பதாம் நாள், ஞாயிற்றுக்கிழமை முற்பகலில், மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர்மீது அவருடைய மனைவி சுமத்திய குற்றச்சாட்டு இது: மலைப்பயணப் படங்களில் கட்டிய மனைவியை அடியோடு கழித்துவிட்டு, அவளோடு இரட்டையாய்ப் பிறந்த தங்கையை மட்டும் பொறுக்கியெடுத்து வைத்திருக்கிறார்.

மனிதர் செய்த பாவம் இவ்வளவே. கணினியில் இடமில்லை என்று, ஒரே மாதிரிப் படங்களை நீக்கச் சொல்லி உத்தரவிட்டவளும் மனைவிதான். படங்களை ஒழுங்குபடுத்தும் மென்பொருள் அவற்றை இரண்டிரண்டாக அருகருகே நிறுத்தியது. ஒன்றில் முகம் மலர்ந்திருந்தது, மற்றொன்றில் கடுகடுத்தது. கடையில் நாள் முழுவதும் "இது தெளிவா, அது தெளிவா?" என்று கேட்டே பழகியவர், மலர்ந்ததை வைத்துக்கொண்டு கடுகடுத்ததைத் தள்ளினார்.

"சிரிக்கிறது அவ. முறைக்கிறது நான்," என்றாள் மனைவி. "கை தவறியாவது என்னை ஒரு படத்துல வெச்சிருக்கக் கூடாதா?"

"ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு படம்கூட இல்லையேம்மா..."

"ஒருத்தி நின்னா ஒருத்தி எடுப்பா. நீங்க எங்க எங்களைப் பார்த்தீங்க? டீக்கடையைத் தேடிட்டிருந்தீங்க."

ஆதாரம் காட்டி வாதாடும் எண்ணத்துடன் அவர் படத்தைப் பெரிதாக்கினார். அந்த மென்பொருளுக்கு ஓரவஞ்சனை தெரியாது. ஒன்றைப் பெரிதாக்கினால் மற்றதும் கூடவே பெரிதாகும். திரை முழுவதும் இரண்டு மூக்குகள்.

"என் மூக்கு இவ்வளவு பெருசா?"

"சேச்சே, அது உன் தங்கச்சி மூக்கு."

"அப்ப இது?"

"அதைவிடச் சின்னது."

மூக்கின் அளவைப் பற்றி அவர் ஆயுளில் பொய் சொன்னதில்லை, அன்று சொன்னார்.

பரிகாரமாக, தள்ளியவற்றையெல்லாம் மீட்டு, வைத்தவற்றையெல்லாம் தள்ளினார். இப்போது திரையில் வரிசை வரிசையாக முறைப்பு.

"வேணும்னே பொறுக்கினீங்களா? பார்க்கிறவங்க என்னைப் பத்தி என்ன நினைப்பாங்க?"

வேறு வழியின்றி இரண்டையுமே வைத்துக்கொண்டார்.

"பார்த்தீங்களா, அவளை விட மனசு வரல!"

கடைக்காரர் கைகூப்பிச் சரணடைந்தார். "தப்புதான் தாயே. உன் தங்கச்சியை நீன்னு நெனச்சுட்டேன். மன்னிச்சிடு."

மன்னிப்பு பரிசீலனையில் இருந்தபோது, இரவல் வாங்கிய குடையைத் திருப்பித் தரத் தங்கை உள்ளே வந்தாள். அக்காள் அவளைக் குடையோடு இழுத்துத் திரைமுன் நிறுத்தினாள்.

"நீயே பாருடி, நீ எப்படி இளிச்சுட்டு நிக்கிறன்னு!"

தங்கை குனிந்து பார்த்தாள். அக்காளையும் ஏற இறங்கப் பார்த்தாள்.

"அக்கா, நாம மாத்தி மாத்திப் படம் எடுத்தது முந்தின வருஷம். இந்தத் தடவை மலைக்கு நான் வரவே இல்ல. கால் உடைஞ்சு கட்டுப் போட்டு வீட்டுல படுத்திருந்தேன். ரெண்டும் நீதான். சிரிச்சா அது நீயா இருக்க முடியாதுன்னு முடிவே பண்ணிட்டியா?"

கடைக்காரர் நெஞ்சை நிமிர்த்தினார்; அவசரப்பட்டுவிட்டார்.

மனைவி அவர் பக்கம் மெல்லத் திரும்பினாள். "அப்ப, என்னையே பார்த்துட்டு, என் தங்கச்சின்னு ஒத்துக்கிட்டீங்களா?"

வாசகரே, இதற்கு ஒரு விடை வைத்திருந்தால் தயங்காமல் உடனே சொல்லுங்கள். மனிதர் இன்னும் திரைக்கு முன்னால்தான் நிற்கிறார்.