எட்டு ஓட்டம்

நாளையிலிருந்து ஓடப்போகிறேன் என்று நான் அறிவித்தபோது என் மனைவி ஸுல்பிகா குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். துருவலை நிறுத்தவில்லை.

"எங்க?"

"எங்கயும் இல்ல. ஓடுறதுதான் வேலை."

"யாரும் துரத்துறாங்களா?"

துரத்தியவர் துறைமுக வைத்தியர். மேற்பார்வையாளர் பதவிக்கு உடற்பரிசோதனை. மரப்பெட்டியொன்றில் மூன்று நிமிஷம் ஏறி இறங்கச் சொன்னார். முதல் நிமிஷத்தில் தலை சுற்றியது. இரண்டாவது நிமிஷத்தில் பெட்டியைக் கட்டிப்பிடித்திருந்தேன். பதினேழு வருஷம் கதிரையில் உட்கார்ந்த நெஞ்சு. ஆறு கிழமை தவணை தந்தார், ஒன்றரை மாசம். அதற்குள் தேறாவிட்டால் பதவி யோகலிங்கத்துக்கு. அவன் என்னிடம் வேலை பழகியவன். மாடிப்படிகளை இரண்டிரண்டாகத் தாண்டுகிறவன். இன்றைக்கு என்னை "சேர்" என்கிறான். பிறகு நான் அவனை அப்படிச் சொல்ல வேண்டும்.

வைத்தியரின் மருந்து சுருக்கமானது. "முதல்ல கொஞ்சம் நடவும். பிறகு ஒரு நிமிஷம் உயிரைக் கொடுத்து ஓடும். ரெண்டு நிமிஷம் ஆறும். திரும்ப ஓடும். முதல் கிழமை நாலு தரம், பிறகு எட்டு. ஒருநாள் விட்டு ஒருநாள்."

விடியற்காலை சுபஹுத் தொழுகை முடிந்ததும் ஓடினேன். ஒரு நிமிஷம் உயிரைக் கொடுத்தேன். மிச்சம் இருந்த உயிரோடு அபூதாஹிரின் தேநீர்க்கடை வாங்கில் உட்கார்ந்து ஆறினேன். இரண்டு நிமிஷ ஓய்வு ஒரு மணித்தியாலம் நீண்டது. பிறகு தெருக்குழாயில் சேர்ட்டை நனைத்துக்கொண்டு வீடு போனேன்.

"எத்தனை ஓட்டம்?" என்றாள்.

"எட்டு."

"நாலுதானே சொன்னார்?"

"எனக்கு நாலு காணாது."

ஸுல்பிகா என் தோளை முகர்ந்தாள். "வேர்வையில ஏலக்காய் மணக்குது" என்றாள். வேறொன்றும் கேட்கவில்லை. இருபது வருஷம் குடும்பம் நடத்தியவன் அந்த இடத்தில் பயந்திருக்க வேண்டும். நான் மகிழ்ந்தேன்.

அடுத்த தரம் அதே ஈரத்தோடு வந்தபோது, துணியில் முடிந்த சட்டியொன்றை நீட்டினாள்.

"ராத்தாக்குக் கஞ்சி. ஆற முந்திக் கொண்டு ஓடுங்க."

"இப்பதான் எட்டு ஓடி வந்தனான்."

"அதான். எட்டு ஓடின மனுசனுக்கு ஒன்பதாவது என்ன பெரிய வேலையா? ஏலாதெண்டா ஏலாதெண்டு சொல்லுங்க."

ஏலாது என்றால் அந்த எட்டும் பொய் என்றாகும். ஓடினேன்.

அவளுடைய ராத்தா, றுக்கியா மதினி, மூன்றாம் ஒழுங்கையில் இருக்கிறார். ஓடினால் ஒரு நிமிஷம். "இருங்க மச்சான்" என்று கதிரையைப் போட்டுவிட்டுச் சட்டியை உள்ளே கொண்டுபோனார். சாப்பாடு வந்த சட்டியை எங்கள் ஆட்கள் வெறுமையாகத் திருப்ப மாட்டார்கள். இரண்டு நிமிஷத்தில் சட்டி புது முடிச்சோடு வந்தது.

"பணியாரம். சூடு போக முந்தி ஓடுங்க."

வீட்டில் ஸுல்பிகா நெஞ்சில் கைவைத்தாள். "பணியாரமா? அதுக்கு ஒண்டும் அனுப்பாம விட்டா ராத்தா என்ன நினைப்பா? செத்த இருங்க."

இரண்டு சகோதரிகளுக்கிடையில் மரியாதை முற்றினால் எங்கே நிற்கும் என்று சொல்ல முடியாது. அன்று நாலாவது ஓட்டத்தில் நின்றது. அடுத்த கிழமையிலிருந்து எட்டில். தேநீர் குடித்த வயிற்றோடு இவ்வளவு ஓட ஏலாது. கடையை விட்டேன். நான் சட்டியோடு பறப்பதைப் பார்த்து அபூதாஹிர் ஒருநாள் எழுந்து நின்றே விட்டார். "ஆரும் மௌத்தா, நானா?" என்று சாவு விசாரித்தார்.

கிழமைக்குக் கிழமை சட்டி கனத்தது. முடிச்சை அவிழ்த்துப் பார்க்கவில்லை. மதினி தந்த சட்டியை நடுத்தெருவில் திறந்து பார்த்தவன் என்று பெயரெடுக்க எனக்கு விருப்பமில்லை. மரியாதை எனக்கும் உண்டு.

பரிசோதனைக்கு முதல் நாள், ஒழுங்கை முடக்கில் திரும்பும்போது கால் தடக்கியது. சட்டி விழுந்தது. பணியாரம் சிதறும் என்று கண்ணை மூடினேன். 'டங்' என்றது.

கண்ணைத் திறந்தேன். துணி அவிழ்ந்து கிடந்தது. மதினி வீட்டு அம்மிக்குழவி தன்பாட்டில் உருண்டு போய்க்கொண்டிருந்தது. சட்டிக்குள் வேறெதுவும் இல்லை.

குழவியைத் தோளில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். வாசலிலேயே தொடங்கினேன். அவளை ஏசினேன். அவளுடைய ராத்தாவை ஏசினேன். ராத்தாவைப் பெற்றவர்களை ஏசினேன். குழவியையும் அதைக் கொத்தியவனையும் ஏசினேன். புருஷனைப் பொதிமாடாக்கிய இந்த ஊரை, துறைமுகத்தோடு சேர்த்து ஏசினேன். ஆள் தீர்ந்துபோய்க் கடைசியில் யோகலிங்கத்தையும் ஏசினேன். இருபது வருஷத்தில் நான் இப்படி ஏசியதில்லை. ஸுல்பிகாவும் இப்படிக் குறுக்கே பேசாமல் இருந்ததில்லை. அவளுடைய கண் மட்டும் சுவர் மணிக்கூட்டில் இருந்தது.

நான் நிறுத்தியதும் திரும்பினாள்.

"மூணு நிமிஷம். இடையில ஒருக்காவாவது மூச்சு வாங்கினீங்களா? நாளைக்குப் பாஸ்."